தோட்டக் காவலும் நிருவாக நெறியும்

காவல் தமிழர்க்குப் புதிய தொழிலன்று. இரவிலே ஊர் சுற்றிவந்த காவலரை மதுரைக்காஞ்சி காட்டுகின்றது. பிற்காலத்தில் தமிழகத்துச் சிற்றூர்களிலே பாடிகாவல் என்னும் முறை நிலவிற்று. ஊரார் காவற்காரனுக்குக் கூலி அளந்தனர். களவு போன பொருளை மீட்பதும், மீட்க இயலாவிடின் ஈடுசெய்வதும் அவன் கடனாயிருந்தன. 1916ஆம் ஆண்டில் ஆன்றி ஃபயோல் என்னும் பிரெஞ்சுச் சுரங்கப் பொறியியலாளர் நிருவாகத்துக்குரிய 14 தத்துவங்களை வகுத்தார். அதிகாரமும் பொறுப்பும் இணைந்து நிற்றல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பாடிகாவல் அந்நெறியை முன்னரே அறிந்திருந்தது.

சப்பிரகமுவ மாகாணத்திலே, தெஹியோவிட்ட நகரைச் சூழ்ந்த தோட்டங்களில் அந்நெறி நின்றதா? அவிசாவளையிலிருந்து தெஹியோவிட்ட வழியாகச் செல்லும் புகையிரதப் பாதை 1903இல் எட்டியாந்தோட்டையை எட்டிற்று. களனிப் பள்ளத்தாக்கில் இறப்பர் பெருகிற்று. மரத்தில் உறைந்து நிற்கும் ஒட்டுப்பாலை எவரும் எளிதில் உரித்துச் செல்லலாம். ஆதலால் இராக்காவல் இன்றியமையாததாயிற்று. இறப்பர்க் களவைத் தடுக்கத் தனிச் சட்டமும் பிறந்தது.

ஆயின், தோட்டத்தில் மரத்துக்கு மட்டுமா காவல் இருந்தது? ஆள் சேர்த்தவரும், கடன் கொடுத்தவரும், வேலையை மேற்பார்த்தவரும் கங்காணி ஒருவரே. பிரட்டுக்கு வந்து வேலைக்கிறங்கும் ஆளொன்றுக்கு இவ்வளவு என அவருக்குத் தலைக்காசும் கிடைத்தது. தொழிலாளியின் கடனைக் குறித்த துண்டு இல்லாமல் வேறு தோட்டம் அவனை ஏற்காது. சொல்லாமல் வெளியேறினால் 1865ஆம் ஆண்டுச் சட்டம் சிறை காட்டிற்று. சொந்த நலன் பொது நலனுக்கு அடங்கவேண்டும் என்பதும் ஃபயோல் வகுத்த நெறியே. இங்கோ, மேற்பார்வையாளர் கடன்காரருமாயிருந்தமையால், பொருட்காவல் ஆட்காவலாக மாறிற்று. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

எனினும் பழைய நோக்கு உடன் மறையவில்லை. 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத் தொழிலாளர், கிராம விரிவுக்காக நிலத்தைவிட்டு நீங்குமாறு பணிக்கப்பட்டனர். மறுத்தோர்மீது அத்துமீறல் வழக்குத் தொடரப்பட்டது. பள்ளத்தாக்கிலே பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. தொழிலாளிக்கு இல்லமாயிருந்த லயம், சட்டத்தின் கண்ணுக்குப் பிறர் உடைமையாகவே தோன்றிற்று.

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் பதிவுபெற்றே இயங்கவேண்டும் என 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. இத்தகைய நிறுவனத்தின் காவலருக்கு ஊதியம் தருபவர் ஒருவர். அவர் நிற்கும் இடத்துக்குரியவர் மற்றொருவர். இருவரும் கட்டளையிட்டால் தவறு நேரும்பொழுது பொறுப்பேற்பார் எவருமிரார். ஒருவருக்குக் கட்டளையிடும் தலைவர் ஒருவரே என்னும் தத்துவத்தின் பயன் இங்கேதான் விளங்கும்.

ஆகவே காவலர் எவருக்குக் கீழ்ப்படிவார், எதனைக் காப்பார், எந்த எல்லையைக் கடவார் என்பவை முன்னரே எழுத்தில் வரையறுக்கப்படல் வேண்டும். அவருக்குரிய ஊதியமும் காலந்தவறாது கிடைத்தல் வேண்டும். பொருளைக் காக்கும் கை மனிதரைத் தளையிடலாகாது என்பதே தோட்டத்து வரலாறு நிருவாகத்தார்க்கு உணர்த்தும் பாடமாகும்.