சித்திரக் கதைகளிற் கண்ட கானகம்

1929 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 7 ஆம் நாள் அமெரிக்கப் பத்திரிகைகள் சிலவற்றிலே டார்ஸானின் கதை படங்களாக வெளிவரத் தொடங்கிற்று. நாளொன்றுக்கு ஐந்து படங்கள். படங்களின் கீழே அச்செழுத்திற் கதையின் ஒரு பகுதி. இவ்வாறு அறுபது நாட்களில், முந்நூறு படங்களில், டார்ஸானைப் பற்றிய முதல் நாவல் சொல்லி முடிக்கப்பட்டது. கானகத்தைக் களமாகக் கொண்டு பின்னாளில் உலகெங்கும் பரவிய வீரசாகசச் சித்திரக் கதைகளுக்கெல்லாம் இதுவே தலைவாசல் எனலாம்.

அத்தகைய கதைகளைச் சிறுபிராயத்திற் படித்தோர் பலர் இன்று தலை நரைத்தவர்கள். அவர்கள் அன்று மலிவான தாளிற் கண்ட படங்கள் இப்பொழுது கனத்த தொகுதிகளாக, நல்ல தாளில், மறுபதிப்புப் பெற்றிருக்கின்றன. அவற்றைத் திரும்பவும் புரட்டும்போது ஒன்று புலப்படுகின்றது. சிறுவன் படத்தைப் பார்ப்பதில்லை. படத்தினூடே கதையைப் பார்க்கின்றான். சிங்கம் பாய்ந்ததா, கொடி அறுந்ததா, கதாநாயகன் பிழைத்தானா என்பதே அவன் கவலை. முடிவை அறிந்துவிட்ட முதியவனுக்கோ அவசரம் இல்லை. அவன் கண் ஒரு கட்டத்திலேயே தங்கிவிடுகின்றது. அங்ஙனம் தங்கும்போது இரண்டு பொருள்களை அவன் ஒருங்கே காண்கின்றான். ஒன்று, வியக்கத்தக்க கைத்திறன். மற்றது, ஒரு பெரும் பொய். இரண்டும் ஒரே கையினின்று வந்தவை என்பதுதான் சிந்திக்கற்பாலது.

டார்ஸானைப் படைத்த எட்கர் றைஸ் பறோஸ் ஆபிரிக்க மண்ணை ஒருபோதும் மிதித்தவரல்லர். 1912 ஒக்டோபரில் ஓர் அமெரிக்க மாத சஞ்சிகையில் முதல் நாவல் வெளிவந்தபொழுது, ஆபிரிக்கக் காட்டிலே வேங்கைப் புலியை உலாவ விட்டிருந்தார். வேங்கை ஆசியாவுக்குரிய விலங்கு என்பதை வாசகர்கள் எடுத்துக் காட்டவே, 1914 இல் அது நூலாக வெளிவந்தபொழுது புலி பெண் சிங்கமாயிற்று. பின்னர் வந்த ஹொலிவூட் திரைப்படங்களோ ஆசிய யானைகளுக்குப் பெரிய பொய்க் காதுகளைப் பொருத்தி அவற்றை ஆபிரிக்க யானைகளாக நடிக்கச் செய்தன. கோயிற் பெரஹராவிலும் காட்டு வழியிலும் யானையைக் கண்டு வளர்ந்த நம் நாட்டவர், முதுகின் வளைவைக் கொண்டே அந்தப் பொய்யைக் கண்டுபிடித்திருப்பர். அது வேறு கதை.

இத்தகைய நாவலுக்குப் படம் வரைய அமர்ந்தவர் ஹால் ஃபொஸ்டர். கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள ஹலிஃபக்ஸ் நகரிலே 1892 இற் பிறந்தவர். இளமையில் மனிற்றோபாவின் காடுகளில் வேட்டைக்காரருக்கு வழிகாட்டியாகவும், பொறி வைத்து விலங்கு பிடிப்பவராகவும், பொன் தேடியலைபவராகவும் காலங்கழித்தவர். 1921 இல் ஓவியம் பயிலும் வேட்கையினால் வினிப்பெக்கிலிருந்து சிக்காகோ வரை ஏறக்குறைய ஆயிரம் மைல் தூரத்தைத் துவிச்சக்கர வண்டியிலேயே கடந்து சென்றாராம். டார்ஸான் அவரை வந்தடைந்தபொழுது விளம்பரப் படம் வரைந்து சீவித்துக்கொண்டிருந்தார். சித்திரக் கதைத் தொழிலை அவர் அப்பொழுது பெரிதாக மதிக்கவில்லை. முந்நூறு படங்களை முடித்ததும் விளம்பரத்துக்கே திரும்பினார். நாட்கதையை றெக்ஸ் மக்ஸன் என்பவர் தொடர்ந்தார். 1931 செப்ரெம்பரிலேதான் ஞாயிறு தோறும் ஒரு முழுப் பக்கம் வண்ணத்தில் வெளிவந்த டார்ஸானை வரைய ஃபொஸ்டர் மீண்டும் வந்தார். 1937 வரை அதனை வரைந்தார்.

அந்தப் பக்கங்களிலே பேச்சை வாயினின்று எழும் குமிழிக்குள் அடைக்கும் வழக்கம் இல்லை. கதை கட்டத்தின் ஓரத்திற் சிறு எழுத்தில் ஒதுங்கி நிற்க, படம் முழு இடத்தையும் பெறுகின்றது. இந்த அடக்கம் நம் கண்ணுக்கு நன்மையாயிற்று. ஃபொஸ்டரின் மனிதன் குனிந்தால் அவன் பாரம் எந்தக் காலில் விழுகின்றதென்று தெரிகின்றது. ஈட்டியை ஓங்கியவனின் தோளும் இடுப்பும் ஒன்றுக்கொன்று எதிராய்த் திரும்புகின்றன. ஓடத்தை வலிப்பவன் உண்மையாகவே நீரை வலிக்கின்றான். தீயருகே குந்தியிருப்பவனின் முதுகில் இருளும் முழங்காலில் ஒளியும் விழுகின்றன. இவையெல்லாம் ஏட்டைப் பார்த்து எழுதக் கூடியவை அல்ல. குளிர் நாட்டுக் காட்டிலே பல இரவுகள் தீ மூட்டிப் படுத்த ஒருவனுக்கே கைவருபவை. ஆபிரிக்காவைக் காணாத அவர், காட்டில் வாழும் உடலை அறிந்திருந்தார். அப்பக்கங்களின் காடு கொங்கோவும் அன்று, மனிற்றோபாவும் அன்று. ஆயினும் அதனுள் நடப்பவன் நிலத்தில் நடக்கின்றான்.

ஃபொஸ்டர் தமது சொந்தப் படைப்பான இளவரசன் வலியன்றின் கதையைத் தொடங்கி விலகவே, 1937 மே மாதத்தில் பேர்ன் ஹோகாத் என்னும் இருபத்தைந்து வயது இளைஞர் அப்பக்கத்தை ஏற்றார். முதலில் ஆசானின் பாணியையே பின்பற்றியவர், சில ஆண்டுகளில் முற்றிலும் வேறுபட்டார். அவருடைய மரங்கள் முறுக்கேறியவை. வேர்கள் பாம்புபோல் நெளிபவை. பாறைகூடத் தசை பெற்றதுபோல் தோன்றும். டார்ஸான் வெறுமனே நிற்கும்போதும் அவன் உடல் வில்லென வளைந்திருக்கும். இடையில் ஈராண்டுகள் விலகியிருந்து, 1950 இல் முற்றாக விட்டகன்றார். இதற்கிடையே 1947 இல் நியூயோர்க்கிலே சித்திரக் கதை ஓவியருக்கென ஒரு பாடசாலையை நண்பரொருவருடன் நிறுவியிருந்தார். மனித உடலின் அசைவை வரைதல் பற்றி 1958 இல் அவர் எழுதிய நூல் ஓவிய மாணவரிடையே இன்றும் புழங்குகின்றது. பிரெஞ்சுக்காரர் அவரை மைக்கலாஞ்சலோவுடன் ஒப்பிட்டுப் போற்றினர். 1967 இற் பாரிஸ் நகரிலே, லூவர் மாளிகையைச் சேர்ந்த அலங்காரக் கலைக் காட்சிச்சாலையில் நடைபெற்ற சித்திரக் கதைக் கண்காட்சியில் அவர் படங்களும் இடம்பெற்றன.

இவ்விருவருள் மேலானவர் யாரென்ற வழக்கு இரசிகரிடையே இன்னும் தீரவில்லை. சிறுவயதில் ஹோகாத்தின் வேகம் நம்மை ஈர்க்கும். ஆறுதலாக நோக்குமிடத்து ஃபொஸ்டரே மேலோங்குகின்றார் என்பது எனது கருத்து. ஹோகாத்தின் காட்டிலே அனைத்தும் ஒரே உச்சக் குரலிற் பேசுகின்றன. சற்று நேரத்திற் கண் களைத்துப் போகின்றது. பின்னே வந்த ஜெஸி மாஷ், றஸ் மனிங், ஜோ கியூபேட் ஆகியோரும் தத்தம் வகையிற் சிறந்தவர்களே. அலெக்ஸ் றேமண்ட் 1934 இற் தொடங்கிய ஜங்கிள் ஜிம் கதை தென்கிழக்காசியாவைக் களமாகக் கொண்டது. கோடு நேர்த்தியானது, கதை மெலிந்தது.

கைத்திறனைப் பற்றி இவ்வளவு. இனி அக்கட்டங்களிற் காணப்படும் மனிதரைப் பற்றி.

சிங்கத்தின் பிடரி எவ்வாறு காற்றில் அலையும், குரங்கின் விரல் எவ்வாறு கிளையைப் பற்றும் என்றெல்லாம் இந்த ஓவியர்கள் ஆராய்ந்தனர். ஆனால் அக்காட்டில் வாழும் கறுப்பு மனிதனை வரையும்போது மட்டும் அவர்கள் கை சோர்ந்துவிடுகின்றது. அவனுக்குத் தனி முகம் இல்லை; ஒரு கூட்டத்தின் முகமே உண்டு. ஒன்றில் அவன் ஈட்டியேந்திப் பாய்கின்றான். அன்றேல் அஞ்சி ஓடுகின்றான். அன்றேல் வெள்ளை நாயகனுக்குச் சுமை தூக்குகின்றான். 1954 இல் ஃபிரெட்றிக் வேர்தம் என்ற மனநோய் மருத்துவர் சித்திரக் கதைகளைக் கண்டித்து ஒரு நூல் எழுதினார். அவர் சாட்டிய குற்றங்களிற் பல மிகையானவை. அந்நூலுக்கு ஆதாரமாகக் காட்டிய சான்றுகள் சில திரிக்கப்பட்டவை எனப் பிற்கால ஆய்வு காட்டிற்று. ஆயினும் கானகக் கதைகள் வெள்ளையரல்லாதாரைத் தாழ்ந்தவராகக் காணும்படி பிள்ளைகளைப் பழக்குகின்றன என்று அவர் கூறியது பொய்யன்று.

மூல நாவலிலேயே இதற்கொரு விசித்திரமான சான்று உண்டு. டார்ஸான் வாழும் காட்டுக்குள் எம்பொங்கா என்ற தலைவனின் கூட்டம் வந்து குடியேறுகின்றது. ஏன் வந்தது? பெல்ஜிய மன்னன் இரண்டாம் லெயோபோல்டின் ஆட்களது கொடுமைக்கு அஞ்சி ஓடிவந்ததாக நூலாசிரியரே எழுதுகின்றார். அம்மன்னனைக் கடுஞ்சொல்லால் ஏசவும் செய்கின்றார். கொங்கோவில் இறப்பர்ப் பாலுக்காக நிகழ்ந்த அக்கொடுமைகள் உலகறிந்த வரலாறு. ஆனால் சில வரிகளோடு அவ்வரலாறு முடிந்துவிடுகின்றது. தலைவன் மகன் குலொங்கா டார்ஸானை வளர்த்த பெண் குரங்கைக் கொன்றவுடன், அகதிகளாய் வந்தவர்கள் பகைவராகிவிடுகின்றனர். டார்ஸான் அவனைச் சுருக்கிட்டுக் கொன்று வில்லையும் நஞ்சுக் கணைகளையும் கவர்ந்துகொள்கின்றான், வாசகன் மகிழ்கின்றான்.

இதனினும் ஆழமான ஒன்றைச் சிறுவயதில் எவரும் கவனித்திருக்கமாட்டோம். இக்கதைகளிலே காட்டின் நடுவில் அடிக்கடி ஒரு கல் நகரம் எதிர்ப்படும். வானுயர்ந்த மதில்கள், பொற்குவியல், பலிபீடம், அழகிய அரசி. ஓவியர்கள் தம் திறமையெல்லாவற்றையும் கொட்டி வரைந்தவை அந்த நகரங்களே. அவற்றைக் கட்டியவர் யாவர்? பறோஸின் ஓப்பார் நகரம் கடலில் மூழ்கிய அற்லாந்திஸ் நாட்டாரின் குடியேற்றம். 1929 இல் நூலாக வந்த இன்னொரு நாவலில் மறைந்து வாழும் உரோமர். ஃபொஸ்டரின் ஞாயிற்றுப் பக்கங்களில் நெடுங்காலம் நீண்ட கதையொன்றிலோ பண்டை எகிப்தியர். ஆபிரிக்காவின் நடுவே எவரும் நகரம் கட்டலாம். காட்டு மக்களாக வரையப்பட்ட ஆபிரிக்கருக்கு மட்டும் அந்த உரிமை இல்லை.

இது கதாசிரியரின் தனிக் கற்பனை அன்று. தென் ஆபிரிக்கப் பகுதியிலுள்ள பெருஞ் சிம்பாப்வே என்னும் இடத்திற் சாந்தின்றிக் கருங்கல்லை அடுக்கி எழுப்பிய மதில்கள் உள்ளன. சில இடங்களில் அவை முப்பது அடிக்கு மேல் உயர்ந்தவை. 1871 இல் அங்கு சென்ற காள் மௌக் என்ற ஜெர்மானியர், வாயில் உத்தரத்தின் மரத்துண்டு தம் பென்சிலின் மரம்போல் மணப்பதைக் கண்டு, அது லெபனானின் கேதுரு மரமென்றும், ஆதலின் அந்நகரம் சேபா நாட்டரசியுடன் தொடர்புடையதென்றும் முடிவு கட்டினார். பொனீசியர் கட்டினர் என்றனர் வேறு சிலர். 1905 இல் அங்கு அகழ்ந்த றன்டல் மக்ஐவர் அது ஆபிரிக்கரின் படைப்பே என்று கூறியபொழுது குடியேறிய வெள்ளையர் சினந்தனர். 1929 இல் ஜேட்றூட் கேற்றன் தொம்சன் என்ற பெண் ஆய்வாளர் மீண்டும் அகழ்ந்து, அதே முடிவை ஐயத்துக்கிடமின்றி நிறுவினார்; அவருடைய நூல் 1931 இல் வெளிவந்தது. டார்ஸான் படமாக வரத் தொடங்கிய ஆண்டும், ஃபொஸ்டர் ஞாயிற்றுப் பக்கத்தை ஏற்ற ஆண்டும் இவையே என்பதைக் காணுந்தோறும் மனம் ஒருவாறு துணுக்குறுகின்றது. ஷோனா மக்களின் முன்னோர் அம்மதில்களை எழுப்பினர் என்பது ஏட்டில் ஏறிவிட்டது. பல்லாயிரம் வீடுகளுக்கு ஞாயிறு தோறும் சென்ற வண்ணப் பக்கத்திலோ எகிப்தியர் ஆண்டுகொண்டிருந்தனர். 1965 இன் பின் றொடீசியாவின் வெள்ளை அரசாங்கம் அவ்வுண்மையை மறைக்க முயன்றதும், 1980 இற் சுதந்திரம் பெற்ற நாடு அம்மதில்களின் பெயரையே தன் பெயராகச் சூடிக்கொண்டதும் பிந்திய வரலாறு.

கானகக் கதைகளுள் தமிழ் வாசகருக்கு மிக நெருக்கமானது ஃபான்டம். ராணி காமிக்ஸ் அவனை மாயாவி என்ற பெயரில் வீடுதோறும் கொண்டு சேர்த்தது. 1936 பெப்ரவரி 17 ஆம் நாள் லீ ஃபோக் இக்கதையைத் தொடங்கியபொழுது இருபத்துநான்கு வயதினர். கிப்ளிங்கையும் டார்ஸானையும் படித்து வளர்ந்தவர். முதல் ஓவியர் றே மூர் கறுப்பு மையை இருளாகவே பயன்படுத்தியவர். முகமூடிக்குள் கண்மணி தெரியாத அவ்வுருவம் நிழலினின்று வெளிப்படும் காட்சி இன்றும் மெல்லிய அச்சத்தைத் தருகின்றது. ஃபான்டத்தின் நாடு முதலில் ஆசியாவிலிருந்தது. பிறகு எவரும் அறியாமல் ஆபிரிக்காவுக்கு நகர்ந்தது. ஆகவே சிங்கமும் வேங்கையும் அங்கே ஒன்றாய் வாழ்ந்து மீன் உண்கின்றன. அவன் உடையும் நாட்டுக்கு நாடு மாறிற்று: அமெரிக்காவில் ஊதா, இத்தாலியிற் சிவப்பு, சுவீடனில் நீலம். அவனுக்குத் துணைநிற்கும் குள்ளர் குலத்துக்கு இட்ட பெயர் இந்தி மொழியிற் குரங்கைக் குறிப்பது. 1964 இற் பம்பாயில் இந்திரஜால் காமிக்ஸ் இக்கதையைப் பதிப்பிக்கத் தொடங்கியபொழுது, வங்காளத்தை நினைவூட்டிய நாட்டின் பெயரைத் தெங்காலி என மாற்றவேண்டியதாயிற்று.

ஒன்று மட்டும் ஃபோக்கின் பெருமைக்குரியது. 1999 இல் இறக்கும்வரை அவர் கதையை எழுதினார்; காலம் மாறியதைக் கண்டு கதையையும் மாற்றினார். ஆபிரிக்க நாடுகள் ஒவ்வொன்றாய் விடுதலை பெற்ற 1960 களிலே, ஃபான்டத்தின் நாட்டுக்கும் லமண்டா லுவாகா என்ற கறுப்பு மருத்துவர் ஒருவர் மக்கள் வாக்கினால் சனாதிபதியானார். சை பரி வரைந்த அக்கட்டங்களில் அவருக்கென ஒரு முகம் உண்டு. காடு ஃபான்டத்தின் கையிலேயே இருந்தது என்பது வேறு.

இக்கதை பப்புவா நியூகினியை அடைந்தபொழுது நிகழ்ந்தது எதிர்பாராதது. அவுஸ்திரேலியாவில் 1948 முதல் அச்சான ஃபான்டம் இதழ்கள் அங்கே சென்றன. பின்னர் வன்டொக் என்ற பத்திரிகை அந்நாட்டுப் பொதுமொழியாகிய தொக் பிசினில் அதனை வெளியிட்டது. மேட்டு நிலத்து வாகி பள்ளத்தாக்கிலே குலச் சண்டைகள் 1980 களில் மீண்டும் மூண்டபொழுது, அங்குள்ளோர் தம் போர்க் கேடயங்களில் ஃபான்டத்தை வரைந்தனர். சாவில்லாதவன் என்ற அவனுடைய புகழே காரணம் என்பர். றே மூரின் நிழலும் இல்லை, ஃபொஸ்டரின் உடற்கூறும் இல்லை. கடையில் வாங்கிய வண்ணப்பூச்சினால், தடித்த கோட்டில், ஆள் உயரக் கேடயத்திலே முகமூடி அணிந்த உருவம் எதிரியை நேரே நோக்கி நிற்கின்றது. அக்கேடயங்களிற் சில இன்று வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் உள்ளன.