வான்கூவர் தீவு மார்மட்

கனடா தேசத்தின் மேற்குக் கரையை அடுத்த வான்கூவர் தீவின் மலைகளிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாததும், அணில் குடும்பத்தைச் சேர்ந்த கொறிக்கும் பிராணிகளுள் மிக அருகிப்போனவற்றில் ஒன்றுமான இம்மார்மட், கரும்பழுப்பு ரோமமும் மூக்கைச் சுற்றி வெண்திட்டும் உடையது. 1910-இல் கலிபோர்னியா சர்வகலாசாலையினர் சேகரித்த மாதிரிகளைக் கொண்டு ஹாரி ஸ்வார்த் என்பவர் 1911-இல் இதனைத் தனி இனமாக வர்ணித்தார்.

வாழ்க்கை முறை: பனிச்சரிவுகளால் மரங்கள் ஓங்கி வளரமாட்டாத உயர்ந்த புல்வெளிகளில் வளை தோண்டிச் சிறு சிறு குடும்பங்களாக வாழும் இப்பிராணி, வருஷத்தில் ஏறக்குறைய ஏழு மாதங்களை நிலத்தடி உறக்கத்திலேயே கழிக்கிறது. ஒரு புல்வெளிக்கும் மற்றொன்றுக்கும் இடையே அடர்ந்த கானகம் கிடப்பதால், இளம் பிராணிகள் பிறந்த இடத்தை விட்டுக் காட்டைக் கடந்து புதிய துணையையும் வளையையும் தேடிச் செல்வதே இவ்வினத்தின் ஜீவநாடி. ஒரு குடியிருப்பு அழிந்தாலும், வேறிடத்திலிருந்து வருபவை அதனை மீண்டும் நிரப்பும்.

க்ஷீணம்: இந்தச் சஞ்சார சுபாவமே பின்னர் ஆபத்தாக முடிந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலைச்சாரலின் காடுகள் முற்றாக வெட்டப்பட்டபோது, புல்வெளிபோல் தோற்றமளித்த அந்த வெளிகளிலேயே இளம் மார்மட்கள் தங்கிவிட்டன. 1980-களில் தொகை முந்நூற்றைத் தாண்டியதாயினும் அச்செழிப்பு நிலைக்கவில்லை. மீண்டும் தழைத்த இளமரங்களின் மறைவில் ஓநாயும் பியூமாவும் பதுங்கி வேட்டையாட, தொலைவிலுள்ள பழைய குடியிருப்புகளோ புது வரவின்றிச் சூனியமாயின. 2003-இல் வனத்தில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவே.

பாதுகாப்பு: 1978-இலேயே அழியும் நிலையிலுள்ள இனமெனக் கனடாவில் அறிவிக்கப்பட்டு, 1987-இல் ஹேலி ஏரிப் பிரதேசம் இதற்கெனக் காப்பிடமாக ஒதுக்கப்பட்டும், நிலத்தைக் காப்பது மட்டும் வம்சத்தைக் காக்கப் போதவில்லை. ஆதலின் 1997-இல் டொராண்டோ மிருகக்காட்சி சாலையில் இனப்பெருக்க முயற்சி தொடங்கியது. மறுவருஷம் மார்மட் மீட்பு ஸ்தாபனம் அமைந்தது. 2001-இல் தீவிலுள்ள வாஷிங்டன் மலையிலேயே ஒரு நிலையம் எழுந்தது. 2003 முதல் மார்மட்கள் வனத்தில் விடப்பட்டன. கூண்டில் பிறந்தவற்றுள் சில முதலில் வாஷிங்டன் மலையின் வெளிகளில் பழக்கப்பட்டு, பின்னர் ஸ்ட்ராத்கோனா பூங்காவின் சிகரங்களுக்குக் கொண்டு செல்லப்படுகின்றன.

இவ்வாறு தொகை மீண்டும் நூற்றுக்கணக்காக உயர்ந்தும், சர்வதேசப் பட்டியலில் இவ்வினம் இன்றும் அழிவின் விளிம்பிலுள்ள வகுப்பிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. எண்ணிக்கை உயர்வதை மட்டும் வெற்றியாகக் கொள்ளலாகாது. மனிதன் கூண்டில் சுமந்து செல்லாமலே, ஒரு மலையில் பிறந்த மார்மட் மற்றொரு மலையைத் தானே சென்றடைந்து அங்குச் சந்ததியைப் பெருக்கும் நிலை எல்லா மலைகளிலும் நிலைபெறும்வரை, இவ்வினத்தைக் காக்கும் கடமை நம்மை விட்டு நீங்காது.