உலை வைத்தவள் பெயர்

2005 ஆகஸ்டில், என் இருபத்தைந்தாவது வயதில், காலடிப்பேட்டையிலிருந்து ஜெர்மனிக்குப் போனேன். கொலோன் நகரில் 16 முதல் 21 வரை உலக இளையோர் நாள். அதற்கு முந்தைய நாட்களில், பல நாடுகளிலிருந்து வந்த இளையோர் ஜெர்மனியின் மறைமாவட்டங்களில் பங்கு மக்களின் வீடுகளில் தங்கினார்கள். 1997இல் பாரிஸ் கூடுகையையொட்டித் தொடங்கிய வழக்கம் இது. “முன்பின் தெரியாதவங்க வீட்ல வயசுப் பொண்ணு எப்படித் தங்கும்?” என்றார் சித்தப்பா. அம்மா மட்டும், “போய்ட்டு வரட்டும். நான்தான் எங்கேயும் போகல” என்றார்.

எனக்கு வாய்த்தது அறுபதைத் தாண்டிய ஒரு தம்பதியின் வீடு. தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு அந்த அம்மா கூடத்து சோபாவில் படுத்தார் என்பது இரண்டாம் நாள்தான் தெரிந்தது. நான் எழும்போது ரொட்டியும் காப்பியும் மேசையில் இருக்கும். பாத்திரம் கழுவப் போனால் கையைப் பிடித்து உட்கார வைப்பார். பேத்தி அவரை ‘ஓமா’ என்பாள், பாட்டி என்று பொருள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

பேத்திதான் ஆங்கிலத்தில் சொன்னாள்: ஓமா தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர், 1966இல் கல்யாணத்தோடு வேலை நின்றது. அன்றைய மேற்கு ஜெர்மனிச் சட்டப்படி, இல்லறக் கடமைக்குக் குந்தகம் இல்லாத அளவுக்கே மனைவி வெளிவேலைக்குப் போகலாம். 1976இல் நிறைவேறி 1977 ஜூலையில் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டச் சீர்திருத்தம்தான் அதை நீக்கியது. மனைவியின் பெயரைக் குடும்பப் பெயராகக் கொள்ளவும் அதுவே வழி திறந்தது. பங்கில் எனக்குக் கொடுத்த சீட்டில் இருந்தது கணவரின் குடும்பப் பெயர் மட்டும். ஓமாவின் சொந்தப் பெயரைக் கேட்காமலே பேருந்து ஏறினேன்.

எங்கள் ஊரின் பெயரிலும் ஓர் ஆண் இருக்கிறார். 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் கோலட் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் கோலட்பேட்டை. மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆனது. அவர் பெயர் திரிந்தாவது நிலைத்தது. அந்தத் தறிகளுக்கு நூல் சுற்றித் தந்த பெண்களில் ஒருத்தியின் பெயரும் நமக்கு வரவில்லை.

பக்கத்துத் திருவொற்றியூரில் பெயர் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள், சங்கிலி. தலம் தலமாகப் பயணித்த சுந்தரர், “உன்னைப் பிரியேன்” என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்து அவளை மணந்தார். திருவாரூர் வசந்தவிழா நினைவு வந்ததும் கிளம்பினார்; ஊரெல்லை தாண்டியதும் பார்வை போனது. பெரியபுராணம் அவரோடு காஞ்சிக்கும் ஆரூருக்கும் நடந்து, கண் திரும்பியதைச் சொல்கிறது. அந்த நாட்களில் சங்கிலி என்ன செய்தாள் என்று நின்று பார்க்கவில்லை.

இதைச் சொல்ல எனக்கும் யோக்கியதை குறைவு. பயணத்துக்காகப் பங்கில் கொடுத்த விண்ணப்பத்தில், ‘தாயின் தொழில்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியவள் நான். நான் விமானம் ஏறிய அதே மாதம், எண்ணூர்ப் பக்கமிருந்து கொடி பிடித்து வேளாங்கண்ணிக்கு நடந்தவர்களுக்குத் தெருமுனையில் மோர் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார் அம்மா. வருடா வருடம் செய்தார். குடித்துவிட்டுப் போனவர்கள் “மரியே வாழ்க” என்றார்கள். அவர்களும் பெயர் கேட்கவில்லை.

திரும்பி வந்து ஜெர்மனியைப் பற்றிச் சொன்னபோது, பேராலயத்தைப் பற்றி அம்மா எதுவும் கேட்கவில்லை. “அந்தம்மா எங்க படுத்தாங்க?” என்றுதான் கேட்டார்.

அன்றிரவே அந்த வீட்டு முகவரிக்குக் கடிதம் எழுதி, உங்கள் பெயர் என்ன என்று கேட்டேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. கையெழுத்து இருந்த இடத்தில் குடும்பப் பெயர் இல்லை. ஹில்டெகார்ட் என்று மட்டும் எழுதியிருந்தார்.