மின்விசிறிக் கண்டென்சர்

கூரை மின்விசிறியின் ஒற்றைமுனை மின்மோட்டாரைச் சுழலச் செய்யும் மின்தேக்கி, பேச்சுவழக்கில் கண்டென்சர். 230 வோல்ட் ஒற்றைமுனை மின்சாரம் தனியாகச் சுழலும் காந்தப்புலத்தைத் தராது. அதனால் மோட்டாரில் இரண்டு சுற்றுகள் வைத்து, துணைச் சுற்றோடு கண்டென்சரைத் தொடராக இணைக்கிறார்கள். அதில் ஓடும் மின்னோட்டம் முதன்மைச் சுற்றினதைவிட முந்துகிறது. அந்த வேறுபாடே இறக்கையைத் திருப்புகிறது. விசிறி ஓடும் நேரமெல்லாம் கண்டென்சர் வேலையில் இருக்கும்.

இந்திய விசிறிகளில் 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் வகை பரவலானது, சிலவற்றில் 3.15. உள்ளே பாலிபுரோப்பிலீன் படலத்தின்மேல் மெல்லிய உலோகப் பூச்சு. படலத்தில் ஓட்டை விழுந்தால் சுற்றியுள்ள பூச்சு ஆவியாகிப் பழுது தானே அடைபடும். ஆனால் ஒவ்வொரு முறையும் கொள்ளளவு சிறிது குறையும். பல விசிறிகள் ஆண்டுக்கணக்கில் மெல்ல வேகம் இழப்பது இதனால்தான். சுவிட்சைப் போட்டதும் உறுமிக்கொண்டு நின்று, கையால் தள்ளிவிட்டால் சுற்றினால், முதலில் கண்டென்சரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மாற்றுமுன் மெயின் சுவிட்சை அணைத்து, டெஸ்டரால் சோதிப்பது கட்டாயம். பழையதில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். அதன் முனைகளை மின்தடை வழியே இணைத்து வடித்துவிட வேண்டும். இரு வயர்களை எப்படி மாற்றி இணைத்தாலும் சரியே. மைக்ரோஃபாரட் அளவு மட்டும் மாறக்கூடாது: வேகத்துக்கு ஆசைப்பட்டுப் பெரியது போட்டால் துணைச் சுற்று சூடேறிக் கருகும். பி.எல்.டி.சி. (தூரிகையற்ற நேர்மின்னோட்ட மோட்டார்) விசிறிகளில் இந்தக் கண்டென்சர் கிடையாது.