ஒற்றி என்னும் சொல்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளிற் பயின்றுவரும் சொற்களுள் ஒற்றி என்பது ஒன்று. இதனைக் குத்தகையோடு ஒன்றாக வைத்து மயங்குவாருளர். குத்தகைகாரன் நிலத்தின் பயனுக்கு விலை கொடுப்பவன். ஒற்றி கொண்டவனோ நிலமுடையானுக்குக் கடன் கொடுத்தவன். கடன் தீருமளவும் காணி அவன் ஆட்சியில் இருக்கும். அதன் விளைவே வட்டிக்குப் பதிலாகும். முதற்பணம் திருப்பிக் கொடுக்கப்படின் காணி மீளும். ஈடு என்பது வேறு. ஆண்டுக் காணி உடையவனிடமே இருக்க, வட்டி தனியே செலுத்தப்படும். தமிழ்நாட்டில் வீட்டை ஒத்திக்கு விடுதலும் ஒற்றியின்பாற்பட்டதே. பெருந்தொகையை ஒருங்கே கொடுத்துக் குடியிருப்பவன் மாதவாடகை கொடான். நீங்கும்போது கொடுத்த தொகையைப் பெற்றுக்கொள்வான்.

ஒத்தி என்னும் பேச்சு வடிவங் கண்டு, இருதிறத்தாரும் ஒத்துக்கொள்ளுதலின் இப்பெயர் வந்ததெனக் கருதுதல் பொருந்தாது. காற்று காத்து ஆனவாறே ஒற்றியும் ஒத்தியாயிற்று. மலையாளத்தில் இன்றும் றகர வடிவமே நிலைத்துள்ளது. ஒற்றுதலாவது சேர்த்தல், அழுத்துதல். காணி கடனோடு சேர்ந்து நிற்றலின் அவ்வடியாகப் பிறந்தது போலும்.

ஒல்லாந்தர் ஆட்சியில், கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் 1707இல் தொகுத்து முடித்த தேசவழமையிலே ஒற்றி விரிவாகப் பேசப்படுகின்றது. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் ஒழுங்குவிதியால் அத்தொகுப்புக்குச் சட்டவலு அளித்தனர். காணியை விற்க முற்படுவோன் உரித்தாளர்க்கும் பங்காளர்க்கும் முதலில் அறிவித்தல் வேண்டும் என்பது அவ்வழமை. அக்காணியை ஒற்றியாகக் கொண்ட அயற்காணிக்காரரும் அவ்வரிசையில் வைக்கப்பட்டனர். மலையாள நாட்டிலும் ஒற்றி கொண்டவனுக்கு முந்தி வாங்கும் உரிமை இருந்தது.

இவ்வொப்புமை கொண்டு யாழ்ப்பாண வழமை மலையாளத்தினின்று வந்ததென்பார் கூற்றை வலியுறுத்தல் கூடும். வேறு சான்றுகள் அவர்க்கு இருக்கலாம். ஒற்றி என்னும் சொல் மட்டும் அவர்க்குத் துணைசெய்யாது. கி.பி. 7ஆம் நூற்றாண்டினராகிய அப்பர், கீழைக்கடற் கரையிலுள்ள திருவொற்றியூரைப் பாடுமிடத்து, ஊர்ப்பெயரை ஒற்றிப்பொருள் தோன்றச் சிலேடையாக ஆளுகின்றார். கேட்போர்க்கு அவ்வழக்கம் நன்கு தெரிந்திருந்தாலன்றி அச்சிலேடை சுவைபடாது. எனவே இது மலையாளத்தார்க்கே உரிய சொல் அன்று. அவர்க்கும் யாழ்ப்பாணத்தார்க்கும் பழந்தமிழ் வழக்கினின்று வந்த பொதுவுடைமை எனக் கொள்ளுதலே தகும்.