கும்பினி முதல் கம்பனி வரை: வன்னியில் ஒரு மொழியின் வரலாறு

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆங்கிலம் கற்கும் நம் இளைஞர்க்கு இன்று ஒரு பயிற்சி தவறாமல் வாய்க்கிறது. 'ஒரு கம்பனியை விவரி' என்பது அது. கம்பனியின் பெயர் யாது? எந்த ஆண்டில் நிறுவப்பட்டது? தலைமையகம் எங்குள்ளது? எதனை உற்பத்தி செய்கிறது? எத்தனை பேரை வேலைக்கு அமர்த்தியுள்ளது? இந்த ஐந்து வினாக்களுக்கும் ஐந்து ஆங்கில வாக்கியங்களில் விடை எழுதிவிட்டால் பயிற்சி முடிந்தது. நேர்முகப் பரீட்சைக்கு அவை போதும் என்பர்.

இப்பயிற்சியை நாம் இகழவில்லை. உழைப்பைத் தவிர விற்பதற்கு வேறொன்றும் இல்லாத இளைஞனுக்கு, தன்னை வாங்க வருபவனின் மொழி தெரிந்திருப்பது நன்றே. ஆயினும் அந்த ஐந்து வினாக்களில் இடம்பெறாத வினாக்கள் சில உண்டு. அக்கம்பனி யாருடையது? அதன் இலாபம் எங்கே போகிறது? அது வருமுன் அந்நிலத்தில் என்ன இருந்தது? இவற்றை ஏன் எவரும் கேட்பதில்லை என்பதை அறிய வேண்டுமாயின் வன்னி மண்ணில் 'கம்பனி' என்ற சொல் நடந்து வந்த பாதையை நாம் பின்நோக்கிப் பார்த்தல் வேண்டும்.

கம்பனியைத் தமிழன் முதலில் 'கும்பினி' என்றே அழைத்தான். அச்சொல் அவனுக்கு வணிகத்தை உணர்த்தவில்லை, ஆட்சியை உணர்த்திற்று. 1602இல் பங்குதாரர்களின் முதலைக் கொண்டு அமைக்கப்பட்ட ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி, 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியது. வன்னியின் குறுநிலத் தலைவர்களான வன்னியர்கள் அக்கம்பனிக்கு யானைகளைத் திறையாகச் செலுத்த வேண்டியவராயினர். காட்டிற் பிடிபட்ட யானைகள் கடனீரேரியின் ஆழமற்ற பகுதியைக் கடந்து குடாநாட்டுக்கு ஓட்டிச் செல்லப்பட்டன. ஆனையிறவு என்னும் பெயரே அதற்குச் சான்று. அங்கிருந்து கோல்கொண்டாவிலும் வங்காளத்திலுமிருந்து வந்த வணிகர்க்கு அவை விற்கப்பட்டன. அக்காலத்தில் ஒருவன் அக்கம்பனியை விவரித்திருந்தால், 'யானைகளை ஏற்றுமதி செய்கிறது' என்று சுருக்கமாக எழுதியிருப்பான். காட்டில் யானைக்குப் பின்னால் ஓடி உயிரிழந்த குடிமகன் அந்த வாக்கியத்தில் எங்கே இருக்கிறான்?

திறை சரிவர வராதபோது கம்பனி வாளை எடுத்தது. 1782இல் ஒல்லாந்தர் வன்னியைத் தம் நேரடி ஆட்சிக்குக் கீழ்க் கொணர்ந்தனர். 1795இல் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பனி வந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்தது. 1802இல் இலங்கை முடிக்குரிய குடியேற்ற நாடாயிற்று. மறு ஆண்டிலேயே பண்டார வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கினான். அவ்வாண்டு ஒக்டோபரில் கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்டான். கும்பினி போய் முடியாட்சி வந்துவிட்டது என்று ஏட்டில் எழுதப்பட்டாலும், வன்னிக் குடியானவனுக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டிருக்கும் என்பதில் ஐயமில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கம்பனி புது உரு எடுத்தது. 1855இல் இங்கிலாந்தில் வரையறுத்த பொறுப்புச் சட்டம் பிறந்தது. 1861இல் கூட்டுப் பங்குக் கம்பனிகள் கட்டளைச் சட்டம் இலங்கைக்கு வந்தது. கம்பனி கடனில் மூழ்கினாலும் பங்குதாரன் தான் இட்ட முதலை மட்டுமே இழப்பான். அவனுடைய வீடும் நிலமும் தப்பிவிடும். 1896இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, சலமன் என்ற சப்பாத்து வணிகரின் வழக்கில், கம்பனி என்பது அதன் உரிமையாளரினின்றும் வேறான ஓர் 'ஆள்' எனத் தீர்த்தது. பெயரின் இறுதியில் நாம் 'லிமிட்டெட்' என்று வாசிக்கும் அச்சிறு சொல்லின் பொருள் இதுவே. வகுப்பறையில் அதற்கு உச்சரிப்புச் சொல்லித் தருகிறார்கள். அது யாரைக் காக்கிறது என்று சொல்லித் தருவதில்லை. வன்னியில் வட்டிக்குக் கடன் வாங்கி நெல் விதைத்தவனின் பொறுப்புக்கு எந்தச் சட்டமும் வரையறை வகுத்ததில்லை. வெள்ளாமை பொய்த்தால் காணியும் போயிற்று, மாடும் போயிற்று.

'கம்பனி என்ன செய்கிறது' என்ற வினாவுக்கும் சட்டத்தில் ஒரு வரலாறு உண்டு. கம்பனியைப் பதிவு செய்யும் பத்திரத்தில் அதன் நோக்கங்களைக் குறிப்பிட வேண்டியிருந்தது. அவற்றுக்கு அப்பால் அது செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1875இல் அஷ்பரி றெயில் வண்டிக் கம்பனியின் வழக்கிலே பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. முதலாளிகளின் வழக்கறிஞர்கள் இதற்கு எளிதில் மாற்றுக் கண்டனர். உலகிலுள்ள தொழில்கள் யாவற்றையும் நோக்கங்களாக அடுக்கிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டனர். தன்னை விவரிக்கும்படி சட்டம் கேட்டது. எல்லாவற்றையும் சொல்லி எதனையும் சொல்லாதிருக்கும் கலையைக் கம்பனி கற்றுக்கொண்டது. இன்றைய கம்பனிகளின் விளம்பர ஏடுகளைப் படிப்போர் அக்கலை அழிந்துவிடவில்லை என்பதை அறிவர்.

இம்மொழி வன்னிக்குள் எவ்வாறு நுழைந்தது? குடாநாட்டில் மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி நிறுவி ஆங்கிலம் புகட்டினர். அங்கு கற்றோரும் அவர்வழி வந்தோரும் கொழும்பிலும் மலாயாவிலும் இலிகிதராயினர். மலேரியாவும் காடும் சூழ்ந்த வன்னிக்கு அந்தப் பேறும் இல்லை. 1905இல் வடபகுதி றெயில்பாதை நிறைவெய்தி வவுனியா வழியாகவும் கிளிநொச்சி வழியாகவும் வண்டி ஓடிற்று. இரணைமடுக் குளம் கட்டப்பட்டது. முப்பதுகளில் கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் தோன்றியது. றெயில் நிலையத்தின் பலகையும் கச்சேரியின் கடிதமும் காணி அனுமதிப் பத்திரமும் ஆங்கிலத்தில் இருந்தன. தன் காணியைப் பற்றி அரசாங்கத்திடம் பேச விரும்பிய கமக்காரன், பெட்டிசம் எழுதுபவனிடம் காசு கொடுத்துத் தன் துயரை ஆங்கிலமாக்கிக் கொள்ள வேண்டியிருந்தது. நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூடத் தெரியாத மொழியே நாட்டின் கணக்கையும் வழக்கையும் ஆண்டது. 1935இல் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சி, நீதிமன்றங்களில் சிங்களமும் தமிழும் வழங்க வேண்டுமெனத் தன் முதற் கோரிக்கைகளிலேயே கேட்டது இதனாலேதான். 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி ஏழைப் பிள்ளைக்குப் பள்ளிக்கதவைத் திறந்தது. 1956இல் அரசோ தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டு அதே கதவைத் தமிழ்ப் பிள்ளையின் முகத்தில் அறைந்து சாத்தியது. ஆங்கிலத்தின் ஆதிக்கத்துக்கு எதிராக எழுந்த நியாயமான குரல், மற்றொரு மக்களின் மொழிக்கு எதிராகத் திருப்பப்பட்ட கொடுமையை வரலாறு மறவாது.

இக்காலத்திலேதான் வன்னி மண்ணில் உண்மையான தொழிற்சாலை ஒன்று எழுந்தது. ஆனையிறவில் உப்பு விளைந்தது. அவ்வுப்பைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால் குளோரினும் எரிசோடாவும் பிரியும். ஒன்று குடிநீரைச் சுத்திகரிக்கும். மற்றொன்று சவர்க்காரத்துக்கும் பிற தொழில்களுக்கும் பயன்படும். ஐம்பதுகளில் அரச கூட்டுத்தாபனமாக அமைந்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இதனைச் செய்தது. கடல்நீர், வெயில், உப்பளத் தொழிலாளியின் கை, மின்சாரம், இரசாயன அறிவு ஆகிய யாவும் சில மைல் தூரத்துக்குள் ஒன்றுகூடிய அத்தொழில், விளைபொருளை மட்டுமன்றித் தொழிலாளரையும் உருவாக்கியது. 1985இல் போர் அத்தொழிற்சாலையை நிறுத்தியது. ஆனையிறவு உப்பளமும் 1990இல் போர்க்களமாயிற்று.

ஆனால் கம்பனி சாகவில்லை! 1991இல் கூட்டுத்தாபனம் வரையறுத்த கம்பனியாக மாற்றப்பட்டது. பரந்தனில் இயந்திரங்கள் துருப்பிடித்துக் கிடந்த காலமெல்லாம், 'பரந்தன்' என்ற பெயரைத் தாங்கிய அக்கம்பனி தென்னிலங்கையிலிருந்து குளோரினை இறக்குமதி செய்து விநியோகித்து வந்தது. 'ஒரு கம்பனியை விவரி' என்னும் பயிற்சிக்கு இதனினும் சிறந்த பாடம் நாம் அறியோம். பெயர், நிறுவிய ஆண்டு, தொழில் என எல்லா வினாக்களுக்கும் சரியான ஆங்கில விடை எழுதலாம். எழுதியபின், பரந்தனிலிருந்த தொழிலாளர்க்கு என்ன நேர்ந்தது என்பது அவ்விடையில் இராது. ஆங்கில இலக்கணத்தில் கம்பனியின் வினைகள் நிகழ்காலத்திலேயே நிற்கும்: உற்பத்தி செய்கிறது, விநியோகிக்கிறது, சேவை புரிகிறது. வன்னித் தொழிலாளியின் வினைகளோ இறந்தகாலத்தில் நின்றுவிட்டன. 2025 மார்ச்சில் ஆனையிறவில் மேசை உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டபோது, அவ்வுப்புக்கு 'ரஜ லுணு' என்ற சிங்களப் பெயர் இடப்பட்டது. 'ஆனையிறவு உப்பு' என்றே அது வழங்க வேண்டுமென மக்கள் குரல் எழுப்பினர். பெயர் வெறும் பெயரன்று என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

கம்பனியை வேறொரு வழியில் அறிந்தவர்களும் வன்னியில் உள்ளனர். 1977இன் வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து ஏதிலிகளாய் வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறிய தோட்டத் தொழிலாளர் அவர்கள். தேயிலைக் கம்பனியின் இலண்டன் பங்குதாரனை அவர்கள் கண்டதில்லை. துரையையும் கணக்கப்பிள்ளையையும் கண்டனர். செக்ரோலில் தம் பெயருக்கு நேரே விழும் கோட்டைக் கண்டனர். தம் உழைப்பு எந்த மொழியில் கணக்கிடப்பட்டதோ அந்த மொழி தமக்குத் தெரியாதிருப்பதன் விலையை அவர்களினும் நன்கறிந்தவர் இலர்.

தொழிலையும் கணக்கையும் தமிழிலேயே பேசிய ஒரு மரபும் வன்னிக்கு உண்டு என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1911இல் இலங்கையில் கூட்டுறவுச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் ஊர்தோறும் சங்கக்கடை வந்தது. மீனவர்க்கும் கமக்காரர்க்கும் சங்கங்கள் அமைந்தன. பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை தமிழில் வாசிக்கப்பட்டது. 'மண்ணெண்ணெய்க் கணக்கில் இத்தனை ரூபா எப்படிக் குறைந்தது?' என்று எழுந்து கேட்கும் உரிமை பள்ளிக்கூடம் காணாத கிழவனுக்கும் இருந்தது. சங்கங்களில் ஊழலும் சாதியும் கட்சியும் புகுந்தன, மறுப்பதற்கில்லை. ஆயினும் கேள்வி கேட்பவனுக்கு விளங்கும் மொழியில் விடை சொல்ல வேண்டும் என்ற நியதி அங்கு இருந்தது.

2009ஆம் ஆண்டை அரசாங்கம் 'ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டு' எனப் பிரகடனஞ் செய்தது. ஆங்கிலம் வாழ்க்கைத் திறன் என்று முழங்கினர். அதே ஆண்டின் மே மாதத்திலேதான் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. வன்னி மக்களில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இருந்தது செட்டிகுளத்து மெனிக் பாமில். வாழ்க்கையே எஞ்சுமா என்றிருந்தோருக்கு வாழ்க்கைத் திறன் எட்டாத் தொலைவில் இருந்தது.

முகாமிலிருந்து திரும்பியவர்களை நோக்கிக் கம்பனிகள் வந்தன. கிளிநொச்சியில் மாஸ் நிறுவனத்தின் ஆடைத் தொழிற்சாலைகள் 'விடியல்', 'வானவில்' என்னும் தமிழ்ப் பெயர்களோடு எழுந்தன. நம் பெண்கள் பலர் முதன்முறையாக மாதச் சம்பளம் கண்டனர். நுண்கடன் கம்பனிகளும் வந்தன. அவற்றின் விவரணத்தில் 'வலுவூட்டல்' என்ற சொல் இருந்தது; அவற்றின் நடைமுறையிலோ வாரத் தவணையும் ஏறும் வட்டியும் இருந்தன. 2018இல் வரட்சி கண்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்யும் திட்டம் கொண்டுவர நேர்ந்ததெனில் அச்சுமையின் அளவை நாம் உணரலாம்.

கல்விக்கூடங்களும் வளர்ந்தன. 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் அமைந்தது. 2021 ஓகஸ்டில் அது வவுனியாப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே வணிகக் கற்கைகள் பீடம் உண்டு. உயர்தர வகுப்பில் ஐந்தொகை, பங்கிலாபம், கணக்காய்வு என்று தமிழில் கற்றுத் தேறிய பிள்ளை, பீடத்தின் வாயிலைத் தாண்டியதும் அவற்றையே ஆங்கிலத்தில் மீண்டும் கற்கத் தொடங்குகிறது. அறிந்ததையே அறியாதவர் போல அப்பிள்ளைகள் தலைகுனிந்து நிற்கும் காட்சியைக் கண்ட ஆசிரியர் நம்மில் பலர்.

அவ்வாறாயின் வணிக ஆங்கிலத்தை விலக்குவோமா? அது பேதைமை. ஆங்கிலம் வேண்டாமென்று மேடையில் முழங்கிவிட்டுத் தம் பிள்ளைகளைச் சர்வதேசப் பாடசாலைக்கு அனுப்பும் தலைவர்களை நாம் அறிவோம். செல்வன் வீட்டுப் பிள்ளை கற்பதை உழைப்பாளி வீட்டுப் பிள்ளையும் கற்க வேண்டும். செவ்வனே கற்க வேண்டும். ஐந்து வாக்கியங்களோடு நில்லாது, ஒப்பந்தத்தின் சிறிய எழுத்தையும் ஆண்டறிக்கையின் அடிக்குறிப்பையும் வாசிக்கும் வரை கற்க வேண்டும். 'வேலையாட்கள் குறைக்கப்பட்டனர்' என்ற செயப்பாட்டு வினையைக் கண்டவுடன் 'குறைத்தவர் யார்?' என்று கேட்கும் மாணவனே ஆங்கில இலக்கணத்தை மெய்யாகக் கற்றவன்.

நம் வகுப்பறைகளில் இன்றே செய்யத்தக்க ஒரு பயிற்சி உண்டு. கம்பனிகளின் ஆங்கில ஏடுகளில் 'நாம்' என்று பொருள்படும் சொல் மலிந்து கிடக்கும். அதனைத் தமிழாக்கும்படி மாணவரிடம் கொடுப்போம். ஆங்கிலத்தில் அது ஒரே சொல். தமிழிலோ கேட்பவனையும் சேர்த்தால் 'நாம்'. அவனை விலக்கினால் 'நாங்கள்'. எதை எழுதுவது என்று தீர்மானிக்க வேண்டிய அக்கணத்தில், இலாபத்தில் தனக்குப் பங்குண்டா, முடிவெடுக்கும் சபையில் தனக்கு இடமுண்டா, தொழிற்சாலை மூடப்படும் நாளில் தன்னிடம் எவரேனும் கேட்பார்களா என்பதை மாணவன் சிந்தித்தே ஆக வேண்டும். பரந்தனின் கதையையும் ஆனையிறவின் கதையையும் அவனுக்கு அப்போது சொல்லுவோம். அதன்பின் அவன் தன் நேர்முகப் பரீட்சைக்குச் செல்லட்டும். ஐந்து வாக்கியங்களையும் பிழையின்றிச் சொல்லி வேலையைப் பெறட்டும். கேளாத வினாக்களும் அவன் நெஞ்சில் உடன் சென்றிருக்கும்.