வாசலில் நின்ற அத்தியாயம்

தொடர்கதையின் கடைசி அத்தியாயத்தை மின்னஞ்சலில் அனுப்பினேன்; ஒரு நொடியில் திரும்பி வந்துவிட்டது. ஆசிரியர் படித்துப் பார்த்துத் திருப்பவில்லை. அவர் காரியாலயத்து சர்வரே வாசலில் மறித்துவிட்டது. என் அஞ்சல் புறப்படும் அதே சர்வரில் இருந்த யாரோ ஒருவர் குப்பை அஞ்சல் அனுப்பினாராம்!

இத்தகைய தடைப்பட்டியலை 1997-ல் அமெரிக்காவில் தொடங்கி வைத்தவர் பால் விக்ஸி. அவருடைய அமைப்பின் பெயர் மேப்ஸ். ஆங்கில எழுத்துகளைத் திருப்பி வாசித்தால் ஸ்பாம். குறும்புக்காரர்தான்! விசாரணையும் தலைகீழ்தான். அனுப்பும் சர்வரின் நான்கு எண்களையும் கடைசியிலிருந்து அடுக்கி, பட்டியலின் பெயரைப் பின்னால் சேர்த்து டி.என்.எஸ்.ஸில் கேட்பார்கள். வழக்கமாக 127.0.0.2 என்று விடை வந்தால் மாட்டிக்கொண்டோம். விடையே வராவிட்டால் பிழைத்தோம். அஞ்சலில் என்ன எழுதியிருக்கிறது என்ற கேள்வியே இல்லை.

ஆசிரியர் நல்லவர். தடைப்பட்டியலைப் பார்க்குமுன் விலக்குப் பட்டியலைப் பார்க்கும்படி சொல்லி, எங்கள் சர்வரின் எண்ணை அதில் சேர்க்கச் செய்தார். அத்தியாயம் போய்ச் சேர்ந்தது. பின்னாலேயே அந்த மனிதரின் லேகிய விளம்பரமும் போயிற்றாம்!